நாலாவது பொத்தான்

ஜனவரி 22, புதன்

அறுநூற்று நாற்பது வரிகளையும் இன்று மாலை நாலரைக்கு அனுப்பித் தொலைத்தேன். பதினெட்டு நாள் வேலை. மானேஜர் வெங்கட்ரமணியிடமிருந்து பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. ஒரு வார்த்தை எழுதினால் கை தேய்ந்துவிடும் போலிருக்கிறது.

மில்களில் வருகை, விடுப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் மென்பொருளை எங்கள் கம்பெனி செய்கிறது. அன்னூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் இதற்கென்று ஏ.டி.எம். மாதிரி ஒரு பெட்டி நிற்கிறதாம். தொடுதிரையில் ஐந்து பொத்தான்கள். வருகை, புகார், வேலை விலகல், விடுப்பு, சம்பளச் சீட்டு. இதுவரை ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழாக்கியிருக்கிறேன். 'நிற்கிறதாம்' என்று எழுதக் காரணம், அந்தப் பெட்டியை நான் கண்ணால் பார்த்ததில்லை. எனக்குத் தருவது வெறும் வரிகள். ஆங்கிலம் ஒரு ஃபைல், தமிழ் ஒரு ஃபைல். முதல் வரிக்கு முதல் வரி, இரண்டாவதுக்கு இரண்டாவது. எந்த வரி எந்தத் திரையில் வரும் என்று கேட்டால் "அதெல்லாம் டெக்னிக்கல் மேடம்" என்கிறார்கள்.

முந்நூற்றுப் பதினெட்டாம் வரியில்தான் சண்டை. புகார் பொத்தானுக்குக் கீழே வரும் குறிப்பு அது. உங்கள் புகாரை மனிதவள அதிகாரி மட்டுமே பார்ப்பார் என்கிறது. மட்டுமேவா? உண்மையா? சூப்பர்வைசர் பார்க்க மாட்டாரா? இதை நம்பி ஒரு பெண் சூப்பர்வைசரைப் பற்றியே எழுதிவிட்டால்? மூன்று மெயில் போட்டேன். மூன்றுக்கும் பதில் இல்லை. நேரில் கேட்டேன். "மேடம், நீங்க டிரான்ஸ்லேட் மட்டும் பண்ணுங்க, உண்மை பொய்யெல்லாம் கிளையன்ட் பாத்துக்குவாரு" என்றார் வெங்கட்ரமணி.

சரி ராசா. அந்த வரியைக் காலியாகவே விட்டு அனுப்பிவிட்டேன். தேவைப்பட்டால் தேடி வரட்டும்.

நாளை தண்ணீர் வரும் நாள். டிரம்மைக் கழுவி வைக்க வேண்டும்.

ஜனவரி 24, வெள்ளி

'திரையில் பார்த்துச் சரி கண்டேன்' படிவத்தில் கையெழுத்து கேட்டார்கள். திரை எங்கே என்றேன். திங்கட்கிழமைதான் மில்லில் ஏற்றப் போகிறார்களாம். அப்புறம் எதைப் பார்த்துச் சரி காண்பது? "எப்பவும் முன்னாடியே போட்டுத்தானே மேடம் குடுப்பீங்க" என்றான் ஜோயல். ஃபைலை மென்பொருளில் ஏற்றுகிற இன்ஜினியர். நல்லவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், எதற்கும் எதிர்த்துப் பேசாதவன்.

எல்லாரும் போடுகிறார்கள். கன்னடத்துக்கு ஒருவர், இந்திக்கு ஒருவர், எல்லாரும். போட்டேன்.

ஜனவரி 27, திங்கள்

இன்று ஏற்றிவிட்டார்கள். ஜோயல் காலை பத்து மணிக்கு வந்து "போயாச்சு மேடம்" என்றான்.

கோபத்தை எல்லாம் மீறி கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். பதினான்கு வருஷம் பாடநூல் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தினேன். அங்கே என் வேலை கண்ணுக்குத் தெரியாத வேலை. இன்று ஆயிரம் பேர் வேலை செய்கிற இடத்தில் என் தமிழ் நின்று வழி சொல்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். குணசீலன் பஸ் டெப்போவில் நேரக் காப்பாளர். எதற்கும் அவசரப்பட மாட்டார். "பரவால்லயே, இனி ஆயிரம் பேர்கிட்ட உன் அதிகாரம்" என்றார். தோசைக் கரண்டியைக் காட்டினேன்.

ஜனவரி 31, வெள்ளி

கண்றாவி.

மதியம் மூன்று மணிக்கு மில்லிலிருந்து புகார். திரையில் பொத்தான்களின் பெயர்கள் இடம் மாறி இருக்கின்றனவாம். திங்களிலிருந்து நாலு நாளாக அப்படியே ஓடியிருக்கிறது. ஜோயல் ஐந்து நிமிடத்தில் பழையபடி ஆங்கிலத்துக்கே மாற்றிவிட்டான். வெங்கட்ரமணி என் மேஜைக்கு வந்து, எல்லார் காதிலும் விழும்படி, "தமிழ் ஃபைல்ல ஏதோ இஷ்யூவாம் மேடம்" என்றார்.

தமிழ் ஃபைலிலா? என் ஃபைலில் ஒரு புள்ளி தவறியிருக்காது. கத்திவிட்டேன். "ஏத்தினவங்களைக் கேளுங்க, என்கிட்ட வராதீங்க" என்றேன். ஜோயல் தலையைக் குனிந்துகொண்டான். பதினெட்டு நாள் வேலையை ஒரு நிமிடத்தில் குப்பையில் போட்டாயிற்று, அதற்கு என்னையே குற்றமும் சொல்லியாயிற்று.

பிப்ரவரி 2, ஞாயிறு

மிக்ஸி ஜாரின் பிளேடு கழன்றுவிட்டது. சட்னி இல்லை. நல்லதாயிற்று, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 5, புதன்

பெட்டியின் பக்கவாட்டில் எங்கள் கம்பெனியின் உதவி எண் ஒட்டியிருக்கிறது. அந்த எண்ணுக்கு ஒரு பெண் மூன்று நாளாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். போனை எடுக்கிற பிள்ளைகள் ஆங்கிலத்தில் என்னவோ சொல்லி வைத்துவிட்டார்கள். இன்று "தமிழ் கால், தமிழ் மேடம்கிட்ட குடு" என்று என்னிடம் தள்ளினார்கள்.

"ஏனுங்க, அந்த மிசினுல ஒட்டியிருக்கற நம்பரு இதுதானுங்களா?"

பெயர் ருக்குமணி. அந்த மில்லில் பதினோரு வருஷமாக நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத்தில் வேலை. மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்று ஒரே ஒரு நாள், வெள்ளிக்கிழமைக்கு, புதன்கிழமை பெட்டியில் விடுப்புக் கேட்டிருக்கிறாள். சனிக்கிழமை வேலைக்குப் போனால் வாசல் மெஷின் கைரேகையை எடுக்கவில்லை. நீ புதன்கிழமையே வேலையை விட்டு நின்றுவிட்டாய் என்கிறார்கள்.

"நானாத்தான் உட்டுட்டேன்னு சொல்றாங்க. நான் எங்கீங்க உட்டேன்? லீவுதானுங்க போட்டேன். விடுப்புன்னு இருந்துச்சு. நல்லாப் படிச்சுப் பாத்துட்டுத்தானுங்க அமுக்குனேன். விடுப்பு விண்ணப்பத்தை அனுப்பவான்னு கேட்டுச்சு. ஆமான்னு அமுக்குனேன். கைரேக வெச்சேன்."

அந்த வாக்கியம் என்னுடையது. 'விடுப்பு விண்ணப்பத்தை அனுப்பவா?' மரியாதையாகவும் சுருக்கமாகவும் இருக்க வேண்டும் என்று அரை நாள் யோசித்து எழுதியது.

பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லி அவள் எண்ணை வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

வெங்கட்ரமணியிடம் போனேன். ஒரு தொழிலாளிக்கு வேலை போயிருக்கிறது, மில்லுக்கு ஒரு கடிதம் கொடுத்தால் போதும், அந்த நாலு நாள் திரை தவறாக இருந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள் என்றேன்.

அவர் கதவைச் சாத்தினார். "மேடம், அது ரொம்ப சென்சிட்டிவ். எழுத்துல குடுத்தா நாம தப்பு பண்ணினதா ஆயிடும்."

"தப்பு பண்ணினோம்தானே?"

"யாரு பண்ணினான்னு ஒரு கேள்வி வரும். பார்த்துச் சரின்னு உங்க கையெழுத்துதான் இருக்கு. உங்களுக்காகத்தான் சொல்றேன், இதைக் கிளறாதீங்க. கிளையன்ட்டே பெருசு பண்ணலை."

எனக்காகவாம். இந்த மனுஷனின் கரிசனத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போட.

பிப்ரவரி 8, சனி

அன்னூர் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. குணசீலனிடம் மட்டும் சொன்னேன். அவர் பஸ் நேரத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

ருக்குமணி மில் எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாகத் தினமும் ஷிப்ட் நேரத்துக்கு யூனிபார்ம் சேலை கட்டி வந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாளாம். போகாவிட்டால் வேலையை விட்டது உண்மை என்று ஆகிவிடும் என்கிறாள். முப்பத்தெட்டு வயசு இருக்கும். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்கதான் மிசினுல தமிழ் எழுதுனதுங்களா?"

ஆமாம் என்றேன். எனக்கும் ஒரு டீ சொன்னாள்.

அவளே கேட்டு வாங்கிய தமிழ் அது. எனக்குத் தெரியாது. பெட்டி வந்த இரண்டு வருஷமாக ஆங்கிலம் தெரியாதவர்கள் சூப்பர்வைசரிடம் போய் நிற்க வேண்டும். அவர்தான் அமுக்கித் தருவார். எதுக்கு லீவு, போன மாசம்தானே போட்ட, எந்த ஆஸ்பத்திரி, சீட்டைக் காட்டு என்று ஆயிரம் கேள்வி. வீட்டு விஷயத்தை எல்லாம் அந்த ஆளிடம் ஒப்பிக்க வேண்டும். "தமிழ்ல போட்டுக் குடுங்க, நாங்களே படிச்சு அமுக்கிக்கறோம்னு நான்தானுங்க மனு எழுதுனேன். நாப்பது பேருகிட்டக் கையெழுத்து வாங்கிக் குடுத்தேன்" என்றாள். புதன்கிழமைதான் முதல் தடவையாக யாரையும் கேட்காமல் தானே போய் நின்று அமுக்கியிருக்கிறாள்.

மனிதவள அதிகாரி பூபதியைப் போய்ப் பார்த்தேன். மரியாதையாகத்தான் பேசினார். கணினியில் பட்டியலைத் திருப்பிக் காட்டினார். அந்த நாலு நாளில் விடுப்பு, விலகல் இரண்டுக்குமாக எழுபத்தாறு பேர் பெட்டியைத் தொட்டிருக்கிறார்கள். எழுபத்தைந்து பேருக்கு விடுப்பு சரியாகப் பதிவாகியிருக்கிறது. ஒரே ஒருத்தி விலகல் கொடுத்திருக்கிறாள்.

"எல்லாருக்கும் அதே மிசின்தானுங்க மேடம். எழுபத்தஞ்சு பேரு கரெக்டா அமுக்கியிருக்காங்க. இந்தம்மா மட்டும் எப்படித் தப்பா அமுக்கும்? வேணும்னே செஞ்சுட்டு இப்ப மாத்திப் பேசுது. வேணும்னா புது ஆளாச் சேரச் சொல்லுங்க, பாக்கலாம்."

பதினோரு வருஷம் அப்படியே மண்ணாகப் போகும். எழுபத்தைந்து பேர். அது எப்படி?

வெளியே வந்தால் டீக்கடையில் பதில் இருந்தது. ருக்குமணியோடு வேலை செய்யும் சரசாத்தாள் டீ குடிக்க வந்திருந்தாள். அவள் சிரித்தாள். "அங்க ஆருங்க படிக்கறது? முக்காவாசிப் பேரு ஒடிசா, ஜார்க்கண்டுப் புள்ளைங்க. அதுகளுக்கு இங்கிலீசும் ஒண்ணுதான், தமிழும் ஒண்ணுதான். லீவுன்னா நாலாவது பொத்தான். எடம் பாத்து அமுக்கும்." அப்படியானால் தமிழ் தெரிந்தவர்கள்? "நானும் பாத்தேன், நாலாவதுல சம்பளச் சீட்டுன்னு போட்டிருந்துச்சு. சூப்பர்வைசருகிட்டக் கேட்டேன். எழுத்தெல்லாம் மாறிக் கெடக்குது, அதப் பாக்காத, எப்பவும் போல நாலாவதையே அமுக்குன்னாரு."

எந்தக் கிழமை கேட்டீங்க என்றேன். திங்கக்கிழமையே கேட்டேனே என்றாள்.

திங்கட்கிழமையே தெரியும்! எழுத்து மாறிக் கிடப்பது முதல் நாளே தெரியும். தெரிந்தும் புதன்கிழமை விழுந்த விலகலை வியாழக்கிழமை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் போட்டிருக்கிறார்கள், ருக்குமணி காட்டினாள். மனு எழுதுகிறவள் தானாகவே தொலைந்தாள் என்று.

எழுபத்தாறு பேரில் என் தமிழைப் படித்து, நம்பி, அதன்படி நடந்தவள் அவள் ஒருத்திதான். வேலை போனதும் அவள் ஒருத்திக்குத்தான்.

பஸ்ஸில் ஏறியதும் யார் பெயரையாவது சொல்லித் திட்ட வேண்டும் போல இருந்தது. பூபதியைத் திட்டினேன். சூப்பர்வைசரை, வெங்கட்ரமணியை, ஜோயலைத் திட்டினேன். நான் இறங்க வேண்டிய உக்கடம் வந்துவிட்டது.

பிப்ரவரி 9, ஞாயிறு

துணி துவைத்தேன். தேவைக்கு அதிகமாகவே அடித்துத் துவைத்தேன்.

பிப்ரவரி 10, திங்கள்

ஜோயலைக் கேன்டீனில் பிடித்தேன். நீ ஏற்றியதில் என்ன கோளாறு என்று நேராகக் கேட்டேன். அவன் மடிக்கணினியைத் திறந்து பதிவைக் காட்டினான். ஆங்கில வரிகள் 640. தமிழ் வரிகள் 639. அதற்குக் கீழே, வரி 318 காலி, தவிர்க்கப்பட்டது.

காலி வரி வந்தால் மென்பொருள் அதைத் தூக்கிப் போட்டுவிடுமாம். அப்புறம் 319ஆம் வரி 318இல் போய் உட்காரும். 320 போய் 319இல். கடைசி வரைக்கும் எல்லாம் ஒரு படி மேலே. புகாருக்கு அடுத்தது விலகல், அதற்கடுத்தது விடுப்பு. விலகல் பொத்தானின் மேல் விடுப்பு ஏறிவிட்டது. நிஜ விடுப்பின் மேல் சம்பளச் சீட்டு. உறுதி கேட்கும் வாக்கியங்களும் அதே வரிசை, அதே ஒரு படி. அதனால்தான் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை.

"ஒரு வரி குறையுதுன்னு அது சொல்லலையா?"

"சொல்லுச்சு மேடம். எப்பவும் ஏதாவது சொல்லும். நான் 'தொடர்க' குடுத்துட்டேன்."

என்ன மென்பொருள் இது? காலியாக ஒரு வரி விட்டால் அது கேள்வி என்று புரிய வேண்டாமா? அச்சகத்தில் காலியாக விட்டால் பக்கமே நின்றுவிடும், ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். இங்கே விழுங்கிவிட்டு நடக்கிறது. முட்டாள் மென்பொருள், அதைச் செய்த முட்டாள்கள், அதைப் பார்த்தும் 'தொடர்க' கொடுத்த மகா முட்டாள். அவனிடமே சொன்னேன். அவன் "ஆமா மேடம்" என்றான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரி 12, புதன்

குணசீலன் சாப்பிடும்போது கேட்டார். "ஏம்மா, காலி வரி விடக் கூடாதுன்னு உனக்கு ஆராச்சும் சொல்லியிருந்தாங்களா?"

ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இங்கேயாவது எழுதிவிடுகிறேன். சொல்லியிருந்தார்கள். விதித்தாளில் ஐந்தாவது விதி. எந்த வரியையும் காலியாக விடக் கூடாது, ஐயம் இருந்தால் ஆங்கில வரியையே வைக்கவும். அந்தத் தாளைத் தமிழில் எழுதிப் புதிதாக வருகிறவர்களுக்கு அனுப்புவதே நான்தான். ஆங்கிலத்தை வைத்திருந்தால் எதுவுமே ஆகியிருக்காது. மூன்று மெயிலுக்குப் பதில் போடாத வெங்கட்ரமணிக்கு உறைக்க வேண்டும் என்றுதான் காலியாக விட்டேன். அவருக்கு எதுவும் உறைக்கவில்லை.

பார்க்காத திரையைப் பார்த்தேன் என்று கையெழுத்தும் போட்டேன். ஒரு வரி உண்மையா என்று பதினைந்து நாள் சண்டை போட்டவள், மறுநாளைக்கு மறுநாள் ஒரு பொய்யின் கீழே பெயர் எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

கடிதம் எழுதிவிட்டேன். மங்கையர்க்கரசி ஆகிய நான், என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். காலி வரி என்னுடையது, கையெழுத்து என்னுடையது, அந்த நாலு நாளும் விலகல் பொத்தானில் விடுப்பு என்றுதான் எழுதியிருந்தது. சொந்தப் பெயர், சொந்த முகவரி. ஒரு பிரதி பூபதிக்கு, ஒன்று வெங்கட்ரமணிக்கு, ஒன்றை ருக்குமணியிடம் நேரில் கொடுத்தேன்.

டீக்கடை வெளிச்சத்தில் அவள் அதை நின்றபடி முழுசும் படித்தாள். மடித்தாள்.

"அப்ப நீங்க எழுதாம உட்டதுலதான் எனக்கு வேல போச்சுங்களா?"

"ஆமாம்."

"கோவத்துல உட்டீங்களா?"

"ஆமாம்."

"எனக்கும் கோவம் வருமுங்க. ஆனா பிரேம்ல நூல உட்டுப்போட்டுப் போக மாட்டேன்."

தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்க வழி சொல்லிவிட்டு வந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

பிப்ரவரி 20, வியாழன்

கூப்பிட்டார்கள். வெங்கட்ரமணியும், நிர்வாகத்திலிருந்து ஒரு பெண்ணும் இருந்தார்கள். மேஜையில் அச்சடித்த தாள் தயாராக இருந்தது. 'என் சொந்த விருப்பத்தின் பேரில் பணியிலிருந்து விலகுகிறேன்.' கையெழுத்து மட்டும் போட்டால் போதுமாம், நல்ல சான்றிதழோடு அனுப்புவார்களாம்.

"எனக்கு அப்படி விருப்பம் எதுவும் இல்லையே" என்றேன்.

"மேடம், இது ஒரு ஃபார்மாலிட்டி."

"ஒருத்தியை இப்படி அனுப்பினது போதாதா? என்னைத் தள்ளணும்னா தள்ளுங்க. காரணத்தை எழுதித் தள்ளுங்க. பார்க்காம ஒரு கையெழுத்துப் போட்டுட்டேன், இன்னொண்ணு போட மாட்டேன்."

குரல் வெளியே வரைக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும். மாலையில் காரணம் எழுதிய கடிதமே வந்தது. விதிமீறல், அலட்சியம், நிறுவனத்தின் பெயருக்குக் களங்கம். முதல் இரண்டும் சரிதான்.

பையை எடுத்துக்கொண்டு இறங்கும்போது படிக்கட்டில் ஜோயல் நின்றிருந்தான். ஒரு டேப்லெட்டைக் கொடுத்தான். "அந்த நாலு நாள் இருந்த திரை அப்படியே இதுல இருக்கு மேடம். ஹியரிங்கில காட்டுங்க. நான் குடுத்ததுன்னு மட்டும்..." சொல்ல மாட்டேன் என்றேன்.

பிப்ரவரி 26, புதன்

வீட்டில் இருக்கிறேன். பருப்பு டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினேன். குணசீலன் ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே அதுதான் இருக்கிறதா என்று பார்த்தார். ஆறு நாள் கழித்து இன்றுதான் சிரித்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

விசாரணை. தொழிலாளர் அலுவலகம், மாடியில் சின்ன அறை. அதிகாரி ஓய்வுபெறும் வயசு, மூக்குக் கண்ணாடி, எதற்கெடுத்தாலும் "சுருக்கமா சொல்லுங்க". பூபதி அதே எழுபத்தைந்தைச் சொன்னார். ருக்குமணி சொன்னது மூன்று வாக்கியம். அதிகாரி அவளிடம், "ஏம்மா, படிக்கத் தெரியும்ங்கற. படிச்சவங்க விலகலை எப்படி அமுக்குவாங்க?" என்றார்.

நான் எழுந்து டேப்லெட்டை அவர் முன் வைத்தேன். இது எங்கிருந்து வந்தது என்றார் பூபதி. மில்லில் அந்த வாரம் ஓடிய திரை இதுதானா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவர் பார்த்துவிட்டு, இதுதான் என்று ஒத்துக்கொண்டார்.

"சார், உங்களுக்கு நாளைக்கு ஒருநாள் லீவு வேணும். நீங்களே போடுங்க" என்றேன்.

"இதென்ன பெரிய வித்தையா?" கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார். விடுப்பு என்றிருந்த பொத்தானை அமுக்கினார். விடுப்பு விண்ணப்பத்தை அனுப்பவா என்று கேட்டது. ஆம் என்றார். விரலை வைத்தார். விடுப்பு விண்ணப்பம் கிடைத்தது, நன்றி என்று சொன்னது. "போட்டாச்சும்மா, அப்பறம்?"

நிர்வாகிகள் பார்க்கும் பக்கத்தைத் திறந்து காட்டினேன். அது ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்குத் தெரிந்த ஆங்கிலம்தான். இன்றைய தேதியில் பணியிலிருந்து தாமாக விலகியவர், ஒருவர்.

அவர் திரும்ப ஒருமுறை அதைப் படித்தார். பிறகு பூபதியிடம், "அப்ப அந்த எழுபத்தஞ்சு பேரு எப்படிய்யா சரியா அமுக்குனாங்க?" என்றார். பூபதி மேஜையைப் பார்த்தார். நான் சொன்னேன். யாரும் படிக்கவில்லை சார். படிக்காதே, இடம் பார்த்து அமுக்கு என்று மில் சூப்பர்வைசர் திங்கட்கிழமையே சொல்லியிருக்கிறார். சரசாத்தாள் எழுந்து, "எங்கிட்டத்தானுங்க சொன்னாரு" என்றாள். வேலையில் இருக்கிறவள். அவள் வந்ததே பெரிய காரியம்.

மார்ச் 11, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. விலகல் செல்லாது. பதினோரு வருஷமும் தொடரும். தமிழ்த் திரையை மீண்டும் வைக்க வேண்டும், மொழிபெயர்த்தவர் நேரில் நின்று எல்லாப் பொத்தானையும் சரிபார்த்த பிறகே வைக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார் அந்த மனுஷர். ருக்குமணியைக் கூப்பிட்டேன். "நாளைக்கு மொத ஷிப்டுங்க" என்றாள்.

மார்ச் 17, திங்கள்

மில்லில் நாள் முழுக்க அந்தப் பெட்டியின் முன் நின்றேன். ஒவ்வொரு பொத்தானையும் அமுக்கி, அது சொன்னதைச் செய்கிறதா என்று பார்த்தேன். கால் வீங்கிவிட்டது. புகார்க் குறிப்பைப் பற்றிப் பூபதியிடம் நேராகக் கேட்டேன். அதிகாரி மட்டும்தான் பார்ப்பாரா? சூப்பர்வைசருக்கும் ஒரு பிரதி போகும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அப்படியானால் அதையே எழுதுகிறேன் என்றேன். வேண்டாம் என்று அந்தக் குறிப்பையே எடுத்துவிட்டார்கள், ஆங்கிலத்திலும் சேர்த்து. இதற்கு ஒரு பதில் மெயில் போட்டிருந்தால் என்ன கேடு வந்திருக்கும்?

இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது. விடுப்பு என்றால் விடுப்பு. பார்த்தேன், அதன் பிறகு கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 22, சனி

பாடநூல் அச்சகத்துக்குப் போய் வேலை கேட்டுவிட்டு வந்தேன். ஜூனில் பார்க்கலாம் என்கிறார்கள்.

மாலையில் ருக்குமணியே கூப்பிட்டாள். மாமியாருக்கு அடுத்த கண்ணுக்கும் ஆபரேஷனாம், செவ்வாய்க்கிழமை. விடுப்புப் போட்டாச்சா என்று கேட்டேன். எனக்குள் ஒரு ஆசை. அவள் அந்தப் பெட்டியின் முன் நின்று படித்து அமுக்கியிருப்பாள், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று.

"போட்டாச்சுங்க. சூப்பர்வைசரு அமுக்கிக் குடுத்தாரு."

"ஏன் ருக்குமணி? இப்ப எல்லாம் சரியா இருக்கு. நானே ஒவ்வொண்ணா நின்னு பார்த்தேனே."

"தெரியுமுங்க. சரசாத்தா சொன்னா, நாளெல்லாம் நின்னீங்கன்னு."

"அவர் திரும்பவும் ஆயிரம் கேள்வி கேட்பாரே?"

"கேட்டாருங்க. எந்த ஆஸ்பத்திரி, எத்தன மணிக்கு, போன தடவ பண்ண சீட்டக் காட்டுன்னாரு. காட்டுனேன்." பிறகு எனக்குத்தான் ஆறுதல் சொன்னாள். "நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. எழுத்து நல்லாத்தானுங்க இருக்கு. எனக்குத்தான் அத அமுக்கக் கை வரல."

போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். குணசீலன் வந்து என்ன என்று கேட்டார். ருக்குமணிக்குச் செவ்வாய்க்கிழமை லீவு கிடைத்துவிட்டது என்றேன்.